சிக்னலில் மட்டும் சூடாகும் கார்: ஹெட்டை இறக்கும் முன் ஃபேனைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2013 மாடல் பெட்ரோல் கார். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். செங்கல்பட்டு வரை ஓட்டிப் போனாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஆனால் குரோம்பேட்டை, பல்லாவரம் சிக்னல்களில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், மேலே ஏறிவிடுகிறது. வண்டி நகர்ந்ததும் தானாக இறங்கிவிடுகிறது. முதலில் பார்த்த மெக்கானிக், இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொன்னார். சரியாகவில்லை. இப்போது வேறொரு ஒர்க்‌ஷாப்பில் "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போடணும்" என்று 32,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். செய்யலாமா? - தாம்பரம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம், அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் கேஸ்கெட், ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது ஃபேஸிங். எஸ்டிமேட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எதைச் சோதித்துப் பார்த்து கேஸ்கெட் என்று முடிவு செய்தீர்கள்?" பதிலாக ஒரு சோதனையின் பெயர் வந்தால் மேலே பேசலாம். "அனுபவத்துல சொல்றோம் சார்" என்று வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஓடும்போது சூடு இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றால் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. கேஸ்கெட் கோளாறு பெரும்பாலும் நேர்மாறாக நடந்துகொள்ளும்: ஹைவேயில் மிதிக்கும்போதும் மேடு ஏறும்போதும்தான் முதலில் தலைகாட்டும். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டாலோ எங்கே ஓட்டினாலும் சூடாகும். ஆக, உங்கள் வண்டியில் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் விழ வேண்டும்.

சோதனைக்குக் காசு தேவையில்லை. காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டியாக இருந்தால், பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மூடியின் வால்வு கெட்டுப்போனால் பாட்டிலில் கூலன்ட் நிற்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். சூடான இன்ஜினில் மட்டும் அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே கொதித்து முகத்தில் பீறிடும்.

அடுத்து பானட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ரேடியேட்டர் ஃபேன் சுழல வேண்டும். கை, துப்பட்டா, தொங்கும் சட்டை எல்லாம் தள்ளியே இருக்கட்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். ஏசி போட்டும் சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச்). அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே நம்பர் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் கோளாறு வயரிங்கில், சுற்றாவிட்டால் மோட்டாரில். ஏசி போட்டால் சுற்றுகிறது, போடாவிட்டால் முள் ஏறியும் சுற்றவில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சார் பக்கம் போக வேண்டும். இரண்டு வேகத்தில் ஓடும் ஃபேன்களில் ரெசிஸ்டர் எரிந்து, மெதுவான வேகம் மட்டும் செத்துப்போவதும் உண்டு.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடாகிறது என்றால்தான் செகண்ட் ஹேண்ட் வண்டியின் வரலாறு வெளியே வரும். ஒரு தாளை வண்டியின் முன்பக்க கிரில்லுக்கு எதிரே பிடியுங்கள். ஃபேன் உள்ளே இழுப்பதால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் பறந்தால், யாரோ மோட்டார் மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூடும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் இடிபட்ட வண்டிகளில் அதைத் திரும்பப் பொருத்தாமலே விற்றுவிடுகிறார்கள். கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டரின் நடுவட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும்.

ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுதியும் பூச்சியும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ஆறிய பிறகு இன்ஜின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

இத்தனையும் சரியாக இருந்தால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், கூலன்ட் லைனில் காற்று மாட்டியிருக்கலாம்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. சூடு என்றாலே அதைக் கழற்றி எறிவது நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கம். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரமாகும். இன்ஜின் ஆறியே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் விழும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்து, சூடு இன்னும் ஏறும். புதிதாக ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள். சாவி போட்டதுமே சுற்றும்படி ஃபேனுக்கு "டைரக்ட்" கொடுப்பதும் இதே ரகம். அவசரத்துக்கு வீடு வந்து சேர உதவும், கோளாறு அப்படியே இருக்கும்.

கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் உறுதி சொல்லவில்லை. பலமுறை சூடாகியிருந்தால் கெட்டிருக்கவும் கூடும். கசிவே இல்லாமல் கூலன்ட் குறைவது, கூலன்ட் டேங்கில் விடாமல் குமிழி வருவது, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காதது ஆகியவை அதன் அடையாளங்கள். உறுதிப்படுத்த பிளாக் டெஸ்ட் இருக்கிறது: ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைப்பார்கள், சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்து வந்தால் திரவம் மஞ்சளாகும். அப்படி மஞ்சளானால் ஹெட்டை இறக்குங்கள், ஆனால் ஃபேனையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். ஃபேனை விட்டுவிட்டு கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே பல்லாவரம் சிக்னலில் போகும்.

அதுவரை சிக்னலில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரைக் கூட்டுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், இன்ஜின் கொஞ்சம் தப்பிக்கும். சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கூலன்ட் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றலாமா? - திருப்பூர் வாசகி

பதில்: வழியில் மாட்டிக்கொண்டால் எந்த நல்ல தண்ணீரும் சரி, இன்ஜின் ஆறிய பிறகு. அதையே வழக்கமாக்கினால் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து, மேலே சொன்ன உள் அடைப்பு வரும். கடையில் வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். ரெடி மிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம், கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். விலை மலிவாகத் தெரிவது பல நேரம் ரெடி மிக்ஸ்தான், அதில் பாதி தண்ணீர். நிறத்தை நம்பி வாங்காதீர்கள், வண்டி மேனுவலில் சொன்ன வகையை வாங்குங்கள்.

கேள்வி: ரேடியேட்டர் மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள். பில் கேட்டால் தரவில்லை, பழைய ரேடியேட்டரையும் காட்டவில்லை. வண்டி இன்னமும் சூடாகிறது. எங்கே போவது? - மதுரை வாசகர்

பதில்: பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வேறு ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய எழுத்துபூர்வமான கருத்து இவையெல்லாம் சாட்சிதான். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இனி வேலைக்கு விடும்போது "பழைய பார்ட்ஸ் திரும்ப வேண்டும்" என்று ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள்.