நாவல் எழுதுவோர் கேள்வி - பதில்: பெட்டியோடு வந்திறங்கியவள்

கேள்வி: பழையதை உதறிவிட்டுப் புது ஊருக்கு வரும் ஓர் இளம்பெண்ணைப் பற்றி நாவல் எழுதுகிறேன். அவள் பட்ட துயரம் முழுவதும் முதல் 3 அத்தியாயங்களில் வந்துவிடுகிறது. படித்தவர்கள் 'இழுக்கிறது' என்கிறார்கள். எதை வெட்டுவது?

பதில்: வெட்டுவதற்கு முன் இடம் மாற்றிப் பாருங்கள். அவள் யாரென்றே பிடிபடாதபோது, அவள் பட்டது வாசகருக்கு வெறும் தகவல்தான். அவள் வந்திறங்கும் நாளில் தொடங்குங்கள். பழசை இன்றைய காரியம் ஏதாவது கிளறும்போது மட்டும், ஒரு தடவைக்கு நாலைந்து வரியாகக் கொடுங்கள்.

வாடகைக்கு அறை பார்க்கப் போகிறாள் என்று வையுங்கள். வீட்டுக்காரம்மா ஜன்னல், குழாய், அலமாரி என்று காட்டிக்கொண்டே போகிறார். இவளோ கதவருகிலேயே நின்று தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறக்கிறாள். "இது உள்பக்கமிருந்து நல்லா விழுமாம்மா?" பழைய வீட்டில் நடந்ததில் பாதி அந்தத் தாழ்ப்பாளில் இருக்கிறது. அடுத்த வரியிலேயே 'அந்த இரவு அவள் நினைவுக்கு வந்தது' என்று எழுதினீர்களோ, காட்சி செத்தது!

கைப்பிரதியை எடுத்து, நினைவுகூரும் பத்திகளுக்கெல்லாம் ஓரத்தில் பென்சில் கோடு போடுங்கள். முதல் 50 பக்கங்களில் கோடு விழுந்தது 10 பக்கத்தைத் தாண்டினால் அதிகம். அப்போது வெட்டலாம்.

கேள்வி: அவளே 'நான்' என்று கதை சொல்கிறாள். ஆனால் அவளுடைய ரகசியம் கடைசியில்தான் உடைகிறது. சரிவருமா?

பதில்: சிரமம். தனக்கு நன்றாகத் தெரிந்ததை அவள் 200 பக்கம் மறைத்தால், ஆசிரியர் ஒளித்து விளையாடுவதாகவே வாசகருக்குப் படும். ஒன்று, 'அவள்' என்று மாற்றி எழுதுங்கள். இல்லாவிட்டால், நடந்தது என்ன என்பதை முன்பே சொல்லிவிட்டு, அதில் அவளுடைய பங்கை மட்டும் பின்னுக்கு வையுங்கள். அதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ள அவள் தயங்குவதில் பொய் இல்லை.

கேள்வி: மனச்சோர்வுக்கு அவள் மாத்திரை சாப்பிடுகிறாள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: மறுநாள் காலையே அவளைச் சிரிக்க வைத்துவிடாதீர்கள். இந்த மாத்திரைகளின் பலன் தெரியப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்கள் ஆகும். சிலருக்கு இன்னும் கூடும். குமட்டல், தூக்கக் கோளாறு போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வரலாம். 'இது எதற்கு?' என்று அவள் அட்டையைத் தூக்கிப் போட நினைக்கும் அந்த நாட்களில்தான் உங்களுக்குக் கதை இருக்கிறது. தேறிவிட்டோம் என்று திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், பதற்றம் வரக்கூடும். மருத்துவர்கள் வழக்கமாகப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். தற்கொலை முயற்சி வந்தால், எப்படிச் செய்தாள் என்ற விவரத்துக்குள் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லும் அறிவுரை இது, நாவலாசிரியரும் கேட்கலாம்.

கேள்வி: அவளைக் கைதூக்கிவிட ஒரு காதலன் வேண்டாமா?

பதில்: வரட்டும், பாதிக் கதைக்குப் பிறகு. அதற்குள் வேலை, அறை, சிநேகிதி என்று ஏதாவது ஒன்றை அவளே தேடி அடைந்திருக்க வேண்டும். ஒன்றைத் தன் தப்பாலேயே தொலைத்தும் இருக்க வேண்டும்.