டேப்புக்கு அடியில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன், பெயிண்ட் இரண்டையும் ஒரே காண்ட்ராக்டரிடம் கொடுத்தேன். நான்கே மாதத்தில் இணைப்பு நெடுக விரிசல். சில இடங்களில் பெயிண்ட் உரிகிறது. "திருப்தி என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார். பெயிண்டர்மேல் பழி போடுகிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அன்று கண்ணுக்குத் தெரிந்த வேலைக்குத்தான் சம்மதித்தீர்கள். பெயிண்டுக்கு அடியில் மறைந்திருந்த குறைக்கு அது பொருந்தாது என்று வலுவாக வாதிடலாம். பெயிண்டர் கதையும் எடுபடாது. மொத்த வேலையையும் ஒப்புக்கொண்டவர் காண்ட்ராக்டர்தானே!

ஆனால் விரிசலை மட்டும் காட்டினால் போதாது. போர்டைத் தாங்கும் ஃபிரேம் அசைந்துவிட்டது என்பார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே அவசரப்பட்டு வேறு ஆளை வைத்துப் பூசி மூடிவிடாதீர்கள், சாட்சியும் சேர்ந்து மூடிப்போகும். தேதி குறித்து அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வராவிட்டால், இந்த வேலை தெரிந்த இன்ஜினியர் முன்னிலையில் ஓரிரு இணைப்புகளைத் திறந்து வீடியோ எடுங்கள். இணைப்பின்மேல் ஒட்டிய காகித டேப் இழுத்ததும் முழுசாகக் கையோடு வந்து, அதன் பின்பக்கம் சுத்தமாக இருந்தால், அடியில் காம்பவுண்ட் (டேப்பைப் பதிக்கும் பசை) ஒழுங்காகப் பூசவில்லை. உரிந்த பெயிண்டின் பின்புறம் வெள்ளைத் தூள் அப்பியிருந்தால், உப்புத்தாள் தேய்த்த தூசியைத் துடைக்காமலே அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அந்தத் துண்டுகளைக் கவரில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கையும் வாங்குங்கள்.

கொட்டேஷனில் "ஃபினிஷிங் உட்பட" என்ற ஒற்றை வரிதான் இருக்கும். பரவாயில்லை, போர்டு கம்பெனி தரும் வழிமுறையை அளவுகோலாகக் காட்டலாம். அமெரிக்கத் தர விதியான ஏஎஸ்டிஎம் சி840, ஃபினிஷிங்கை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறது. 4-ஆம் நிலையில், டேப் பதித்த தட்டையான இணைப்புகளின் மேல் காம்பவுண்ட் தனித்தனியாக இரண்டு கோட், ஸ்க்ரூ தலைகளின் மேல் மூன்று. ஒப்பந்தத்தில் இல்லாததால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரே நாளில் எல்லாம் முடித்திருந்தால், இத்தனை கோட் எப்போது அடித்தீர்கள் என்பது குறுக்கு விசாரணையில் கேட்க நல்ல கேள்வி.

அப்புறம், குறையைச் சரிசெய்ய 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்; வழக்கறிஞர் கட்டாயமில்லை. மறுவேலைக்கு வேறொருவரிடம் மதிப்பீடு வாங்கி இணைத்து, அந்தத் தொகையையே முதன்மையாகக் கேளுங்கள். மன உளைச்சலுக்கென்று பெரிய தொகை போடுவதை நான் விரும்புவதில்லை. நியாயமான கோரிக்கையும் அதனால் மிகையாகத் தெரியும்.