கருங்கல் வீடு, கான்கிரீட் மாடி: வைஃபை எல்லா அறைக்கும் வர என்ன வழி?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே கிராமத்தில் எங்கள் வீடு இருக்கிறது. முன்பகுதி தாத்தா காலத்துக் கருங்கல் கட்டடம். பின்னால் பத்து வருடம் முன்பு கான்கிரீட்டில் கீழும் மேலுமாகச் சேர்த்துக் கட்டினோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு, மோடம் முன்கூடத்தில். மருமகள் மாடி அறையிலிருந்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். மீட்டிங்கில் மற்றவர் பேசுவது அவருக்குக் கேட்கிறது, ஆனால் இவர் குரல் விட்டுவிட்டுப் போகிறதாம். இணைப்புக் கொடுத்தவர் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்கிறார். கடைக்காரர், வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் எக்ஸ்டெண்டர் வாங்கச் சொல்கிறார். எது சரி? வீட்டிலிருந்து 80 மீட்டரில் மாந்தோப்பு மோட்டார் ரூம் இருக்கிறது, அங்கே கேமரா வைக்கவும் ஆசை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இரண்டுமே வேண்டாம் ஐயா. பணத்தைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள்.

முதலில் ஒரு சோதனை. லேப்டாப்பை மோடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளை நேராகச் செருகி ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். 90க்கு மேல் காட்டினால் வீட்டு வாசல்வரை இன்டர்நெட் ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம். ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். 100 போதாமல் அல்ல, அந்த 100 மாடிக்குப் போய்ச் சேராமல்தான் தொல்லை. பிளானை 300 ஆக்கினால் முன்கூடத்தில் 300 இருக்கும், மாடியில் இன்றைக்கு இருக்கிற கதைதான்.

உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. மற்றவர் பேசுவது கேட்கிறது, இவர் பேசுவது போகவில்லை என்கிறீர்கள். போனிலும் லேப்டாப்பிலும் தெரிகிற மூன்று கோடு, மோடத்தின் சத்தம் இங்கே எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும். திரும்பப் பேசுகிற பக்கம் அது காட்டாது. பொதுவாக மோடத்தைவிட போனின் ரேடியோ பலம் குறைந்தது. அதனால் விளிம்பில் இருக்கிற அறையில் முதலில் அடிபடுவது நம் குரல்தான். 'எட்டு ஆன்டெனா, பயங்கர பவர்' என்று விற்கிற ரவுட்டரை வாங்கி முன்கூடத்தில் வைத்தாலும் இது தீராது. அதன் குரல் இன்னும் சத்தமாக வரும், போனின் குரல் அதே அளவில்தான் இருக்கும்.

இப்போது சுவருக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை, பழைய வீடுகளில் ஒன்றரை அடி கருங்கல் சுவர் சாதாரணம். வைஃபைக்கு இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அப்படி ஒரு கல் சுவரைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் முடிந்துபோகும். அதற்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தையும் தாண்டச் சொன்னால் எப்படி? உங்கள் வீட்டில் மாடி அறைக்குப் போகும் சிக்னல் இரண்டையும் சாய்வாகக் கடக்கிறது. சாய்வாகப் போனால் ஒன்றரை அடிச் சுவர் இரண்டரை அடியாகிவிடும்.

போனில் இலவச வைஃபை அனலைசர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, கதவுகளைச் சாத்திவிட்டு ஒவ்வோர் அறையிலும் நின்று பாருங்கள். டிபிஎம் என்று கழித்தல் குறியோடு ஓர் எண் காட்டும். அதுதான் சிக்னல் பலம், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. −50 என்றால் அருமை. மீட்டிங்குக்கு −67க்குக் கீழே இறங்கக் கூடாது. −75ஐத் தாண்டிவிட்டால் அந்த அறையில் நம்பி வேலை செய்ய முடியாது. எண்களைத் தாளில் குறித்து வையுங்கள், கருவி வைத்த பிறகு ஒப்பிட வேண்டியிருக்கும்.

எக்ஸ்டெண்டரை ஏன் வேண்டாம் என்கிறேன்? சிக்னல் வராத மாடி அறையில் அதைச் செருகினால் அதற்கும் சிக்னல் வராது. பாதி வழியில் செருகினால், சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சின்ன ஓட்டு வீட்டில் ஓர் அறை விட்டுப்போனால் அது பரவாயில்லை. கல் வீட்டுக்கு ஆகாது.

செலவு குறைந்த வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். மோடம் முன்கூடத்தில் இருப்பதற்குக் காரணம், ஃபைபர் இழுத்தவருக்கு அதுதான் கிட்டே இருந்தது என்பதாகத்தான் இருக்கும். அவரையே கூப்பிட்டு, மோடத்தை கான்கிரீட் பகுதியில் மாடிப்படிக்குப் பக்கத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஃபைபரை ஒட்டி நீட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலை. மீதி ஃபைபரைச் சுருட்டி வைக்கும்போது மூன்று அங்குலத்துக்குக் குறையாத வளையமாக இருக்கட்டும். ஆணியில் மாட்டி முறுக்கினால் உள்ளே ஒளி கசிந்து, ஒருநாள் இணைப்பு அறுந்து மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும்.

மோடம் இடம் மாறியதும் மாடிக்கு ஒரு லேன் கேபிள் கொண்டுபோய், அங்கே வைஃபை பரப்ப இரண்டாவது கருவியாக ஒரு ரவுட்டரை வையுங்கள். கல் முன்பகுதிக்கும் அப்படியே இன்னொன்று. வேலையின் சாரமே இதுதான்: சுவரைக் கம்பி கடக்கட்டும், அறைக்குள் மட்டும் அலை பரவட்டும்.

சுவரை உடைக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். பத்து வருடத்துக்கு முன் கட்டிய பகுதியில் மொட்டை மாடியிலிருந்து கீழே டிவிக்கு டிஷ் கேபிள் வருகிற பைப் அநேகமாக இருக்கும். பழைய கேபிள் உபயோகத்தில் இல்லை என்றால் அதையே இழுகயிறாக வைத்துக்கொள்ளலாம். பழைய கேபிளின் முனையையும் லேன் கேபிளின் முனையையும் நேருக்கு நேர் வைத்து, முனையிலிருந்து ஒரு சாண் தூரம் மெல்ல மெல்ல மெலிகிற மாதிரி டேப் சுற்றுங்கள். முடிச்சுப் போட்டால் பைப் வளைவில் சிக்கும். ஒருவர் கீழே நின்று முகப்பவுடர் தடவித் தடவி உள்ளே கொடுக்க, இன்னொருவர் மேலே நிதானமாக இழுக்க வேண்டும். கூடவே ஒரு நைலான் கயிற்றையும் இழுத்துவிடுங்கள், அடுத்த முறைக்கு உதவும். முனையில் பிளக் அடிப்பது இழுத்து முடித்த பிறகுதான். கரண்ட் ஒயர் போகிற பைப்பில் மட்டும் லேன் கேபிளை நுழைக்காதீர்கள். அது ஆபத்து, சிக்னலும் கெடும்.

கல் சுவரைத் துளைக்கச் சாதாரண டிரில் பிட் திணறும். வென்டிலேட்டர் வழியாகவோ, பழைய கட்டடமும் புதியதும் சேருகிற இணைப்பு வழியாகவோ கேபிளை விட்டு, வெளிச்சுவரில் பிவிசி பைப்பில் ஓட்டிவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது கேட்-6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே டப்பாவில் அதே முகத்தோடு விற்கிறது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிளக் அடிக்கிறவர் எட்டு ஒயரையும் சேர்க்கிறாரா என்றும் பாருங்கள். நான்கை மட்டும் சேர்த்தாலும் நெட் ஓடும், ஆனால் 100க்கு மேல் ஒருநாளும் போகாது. நாளைக்குப் பிளானை மாற்றிவிட்டு கம்பெனியைத் திட்ட வேண்டியிருக்கும்.

மாடியில் வைக்க விசேஷக் கருவி தேவையில்லை. இரண்டு அலைவரிசையும், கிகாபிட் போர்ட்டும் உள்ள சாதாரண ரவுட்டர் போதும். வைஃபை 6 என்று போட்டிருந்தால் நல்லது. அதை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடில் போட வேண்டும். இது தவறினால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகி, கீழே இருக்கிற பிரிண்டரை மாடி லேப்டாப் கண்டுபிடிக்காது. பெயரும் பாஸ்வேர்டும் எல்லாக் கருவியிலும் ஒன்றாகவே இருக்கட்டும். படியேறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவுசெய்கிறது, சில போன்கள் பழைய சிக்னலை விடாப்பிடியாகப் பிடித்திருக்கும். அப்போது கீழே இருக்கிற கருவியில் 2.4இன் பவரை ஒரு படி குறையுங்கள். 2.4இல் ஒன்றுக்கு சேனல் 1, மற்றொன்றுக்கு 6, மூன்றாவதற்கு 11 என்று கொடுத்துவிட்டால் ஒன்றோடொன்று மோதாது.

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் செட் வாங்கலாமா என்றும் கேட்பீர்கள். வாங்கலாம், நிர்வகிக்க எளிது. கம்பியே வேண்டாம் என்று கடையில் சொல்வதை மட்டும் உங்கள் வீட்டுக்கு நம்பாதீர்கள். அந்தப் பெட்டிகளும் அதே கல் சுவரைத்தான் தாண்டிப் பேச வேண்டும். மெஷ் வாங்கினாலும் லேன் கேபிளில் இணையுங்கள். கரண்ட் ஒயர் வழியாக நெட் அனுப்பும் அடாப்டர்களும் உண்டு. மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் ஒரு அறை ஒரு ஃபேஸிலும் அடுத்தது இன்னொன்றிலும் இருக்கும், நடுவே இன்வெர்ட்டர் வேறு, சிக்னல் ஒழுங்காகக் கடக்காது. நான் சிபாரிசு செய்வதில்லை.

கருவியை எங்கே வைப்பது? நிமிர்ந்து நிற்கிற ஆன்டெனாவிலிருந்து சிக்னல் மெதுவடை வடிவில் பரவுகிறது. பக்கவாட்டில்தான் அதிகம், நேர் மேலும் கீழும் ஓட்டை. அதனால் ஆள் உயரத்துக்கு மேல், அறைகளுக்கு நடுவில் வையுங்கள். இரும்பு பீரோ மேலே, டிவிக்குப் பின்னால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டாம். டிவியையும் கேமரா ரெக்கார்டரையும் முடிந்தவரை லேன் கேபிளிலேயே ஓட்டுங்கள், வைஃபை மருமகளின் மீட்டிங்குக்கு மிச்சமாகும்.

இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்ட் போய் அது எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் சில மோடம்கள் அணைந்து எழும். மீட்டிங் அறுந்துபோகும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று போடுங்கள். அடாப்டரில் 12 வோல்ட் என்றிருந்தால் யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம்.

அப்புறம் மோட்டார் ரூம். மா இலைகளுக்குள் ஈரம் இருக்கிறது, சிக்னலை அவை குடித்துவிடும். 80 மீட்டர் தோப்பைத் தாண்டி வீட்டு வைஃபை போகாது. லேன் கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும் என்பதால் அதை இழுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். கோடை மழைக்கு இடி இறங்குகிற நம் பக்கத்தில் இரண்டு கட்டடத்தைச் செம்புக் கம்பியால் இணைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலும் அந்தக் கம்பி வழியே வீட்டுக் கருவிகள் வரிசையாகப் போய்விடும். ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் தொங்கவிடுவதற்காகப் பக்கத்தில் இரும்புக் கம்பி சேர்ந்த ஃபைபரும் உண்டு, உலோகம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு கேமரா போதும் என்றால், அங்கே 4ஜி சிக்னல் கிடைத்தால், சிம் போடும் சோலார் கேமராதான் சுலபம். மோட்டார் ரூமில் கரண்ட் இல்லாத நேரத்திலும் அது ஓடும். நாளைக்கு மூன்று நான்கு கேமரா வரும் என்றால் ஃபைபரே போடுங்கள். தோப்பில் அணில் கடிக்கும், அதனால் மரத்துக்கு மரம் தொங்கவிடாமல் எச்டிபிஇ பைப்பில் விட்டுப் புதையுங்கள். டிராக்டர் உழுகிற இடமென்றால் இரண்டு அடி ஆழம் வேண்டும். சொட்டுநீருக்கு மெயின் பைப் புதைக்கிற எண்ணம் இருந்தால் அதே பள்ளத்தில் இதையும் போட்டுவிடலாம், தனிக் கூலி ஆகாது.