மலைச்சாலைப் பாறைச் சரிவுகள்: கேள்வி பதில்

ஐப்பசி மழைக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் சாலை வெட்டுச் சரிவுகளில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உதவிப் பொறியாளர், குன்னூர்: சார், என் பிரிவில் 14 கிலோமீட்டர் மலைச்சாலை. போர்ஹோல் (பாறையைச் சோதிக்கத் துளைத்து மாதிரி எடுப்பது) போட நிதி இல்லை, ஆய்வக அறிக்கை எதுவும் இல்லை. மழைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

தம்பி, பாதித் தரவு உங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கிறது. பழைய எம்-புக்குகளை, அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகங்களை எடுங்கள். ஒவ்வொரு மழைக்கும் மண் அள்ளியதற்கு அளவு எழுதியிருப்பார்கள்: எந்தக் கிலோமீட்டர், எத்தனை கன மீட்டர், என்ன தேதி. பத்து வருடத்து எம்-புக்கைப் புரட்டி ஒரு தாளில் புள்ளி வைத்தால், எந்த வளைவு திரும்பத் திரும்ப விழுகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்து, பக்கத்து எஸ்டேட் அலுவலகத்துக்குப் போங்கள். தேயிலைத் தோட்டங்களில் தினசரி மழையளவைப் பல வருடமாக எழுதி வைத்திருப்பார்கள். விழுந்த தேதியையும் அந்த வார மழையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், உங்கள் சரிவு எவ்வளவு மழை வரை தாங்குகிறது என்று புரியும்.

அப்புறம் நடக்க வேண்டும். ஜீப்பில் போனால் தெரியாது. பல வருடம் அங்கேயே வேலை பார்த்த சாலைப் பணியாளர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் பாறையின் பிளவுகள் எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். பிளவு சாலைப் பக்கம் சாய்ந்திருக்கிறதா? வெட்டு முகத்தைவிடப் படுத்திருக்கிறதா? உராய்வுக் கோணத்தைவிட, அதாவது கல்மேல் கல் வழுக்கத் தொடங்கும் சாய்வைவிடச் செங்குத்தா? மூன்றுக்கும் ஆம் என்றால் பிளவுக்கு மேலே இருக்கும் அந்தப் பாறைப் பலகை வழுக்கத் தயாராக இருக்கிறது. பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

உராய்வுக் கோணத்துக்கு லேப் வேண்டாம். ஒரே பிளவின் இரண்டு முகங்களையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி வையுங்கள். கீழ்க்கல்லை மெதுவாகத் தூக்குங்கள். மேல்கல் நகரும் கோணத்தை மொபைலில் பாருங்கள். பத்து முறை செய்து நடு மதிப்பை எடுங்கள். கைக்கல்லில் கிடைக்கும் சொரசொரப்பு பெரிய பாறையில் அப்படியே கிடைக்காது. சில டிகிரி குறைத்தே வையுங்கள். பிளவுக்குள் சிவப்புக் களி இருந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அங்கே கல் களியின் மேல்தான் வழுக்கும். களியின் பிடிப்பு கல்லின் பிடிப்பைவிட மிகக் குறைவு.

எம்.இ. மாணவர், கோவை: மன்னிக்கவும் ஐயா, இது ஊகம். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலச்சரிவு வரைபடம் இருக்கிறது. போர்ஹோல் இல்லாமல் எண் சொல்வது தவறு.

மன்னிப்பு எதற்கு, நல்ல கேள்வி. அந்த வரைபடத்தின் அளவு 1:50,000. ஒரு சென்டிமீட்டர் என்றால் 500 மீட்டர். 25 மீட்டர் அகல வெட்டு அதில் அரை மில்லிமீட்டர்தான். எந்தத் தாலுகாவில் கவனம் வேண்டும் என்பதற்கு அது நல்லது. கொல்கத்தாவில் 2024 ஜூலையில் தொடங்கிய தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் நீலகிரிக்குத் தரும் தினசரி அறிக்கையும் அப்படித்தான். எந்தப் பாறை விழும் என்று இரண்டுமே சொல்லாது.

எண் வேண்டுமென்றால் ஏற்கெனவே சரிந்த இடத்துக்குப் போங்கள். சரிந்த நொடியில் தள்ளலும் பிடிப்பும் சமம். அதாவது பாதுகாப்புக் காரணி 1. வழுக்கிய முகத்தின் சாய்வையும் போன பலகையின் தடிமனையும் அளந்து, அன்றைய தண்ணீரை மதிப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அந்தப் பிளவின் பிடிப்பு கிடைக்கும். ஒரு போர்ஹோலில் வரும் சில விரல் அகலத் துண்டைவிட, சரிந்த முழு முகம் எனக்கு அதிகம் சொல்லும். போர்ஹோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசு வந்தால் முதலில் எங்கே போடுவது என்பதையும் இந்தக் கணக்குதான் காட்டும்.

ஒப்பந்ததாரர், ஊட்டி: கம்பி வலை போட்டுவிட்டால் போதுமா?

மேலே மட்டும் கட்டித் தொங்கவிட்ட வலை சரிவைப் பிடிக்காது. உதிரும் கல்லைச் சாலைக்குத் தெறிக்கவிடாமல் அடியிலுள்ள பள்ளத்துக்கு இறக்கும், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தை வருடத்துக்கு இரண்டு முறையாவது அள்ள வேண்டும். நிரம்பிய பள்ளத்தில் விழும் கல் எகிறிச் சாலைக்கே வரும்.

வத்தலக்குண்டு: பாறை முழுக்க ஷாட்கிரீட் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) அடித்துவிட்டால்?

தண்ணீர் எப்படி வெளியே வரும் என்று முதலில் சொல்லுங்கள். மேல்விளிம்பில் 4 மீட்டர் ஆழ வெடிப்பு மழையில் நிரம்பினால், சாலையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 8 டன் தள்ளும். தண்ணீரை 2 மீட்டருக்கு இறக்கினால் 2 டன்தான். பாதி இறக்கினால் தள்ளல் கால்வாசியாகிவிடுகிறது. இதைவிட மலிவான வேலை இந்தத் துறையில் இல்லை. மேல்விளிம்பில் ஒரு வாய்க்கால். முகத்தில் பிளவைத் தொடும் ஆழத்துக்கு, உள்ளே போகப் போக 5 முதல் 10 டிகிரி ஏறும் துளைகள், அவற்றில் ஓட்டை போட்ட பிவிசி குழாய். ஷாட்கிரீட் அதற்கப்புறம்.

பர்லியாருக்கு மேலே ஒரு தடுப்புச் சுவரை மழைக்கு நடுவே பார்த்தேன். வரிசையாக வீப் ஹோல், அதாவது பின்னால் சேரும் தண்ணீர் வடியும் ஓட்டை வைத்திருந்தார்கள். அத்தனையும் காய்ந்து கிடந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிவப்புத் தண்ணீர் பீய்ச்சுகிறது. கம்பியை விட்டுப் பார்த்தால் ஒரு சாண் உள்ளே களிமண். பின்னால் ஜல்லி நிரப்பாமல் வெட்டிய மண்ணையே கொட்டி மூடியிருக்கிறார்கள். நாலாம் நாள் சுவர் வயிறு தள்ளி விழுந்தது. கீழே ஆள் இல்லை, அதுதான் நல்லது.

கூடலூர்: ஐயா, எந்த கேஜ் கம்பி வலை நல்லது?

வலைக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன்.

எஸ்டேட் மேலாளர், கோத்தகிரி: சாலைக்கு மேலே பெரிய பாறை. ராக் போல்ட் (துளை போட்டுப் பாறையைப் பின்னால் இருக்கும் பாறையோடு பிணைக்கும் இரும்புக் கம்பி) அடிக்கச் சொல்கிறார்கள்.

அது பாறையா, உருண்டைக் கல்லா என்று முதலில் பாருங்கள். நம் நீலகிரியின் சார்னோகைட் பாறை வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்து, செம்மண்ணுக்குள் உருண்டைகளாக நிற்கும். சுத்தியலால் தட்டினால் உருண்டையும் கணீர் என்றுதான் சத்தம் தரும், ஏமாந்துவிடாதீர்கள். துளை போடும்போது வெளியே வரும் தூளைப் பாருங்கள். சாம்பல் நிறம் இரண்டு மீட்டரில் சிவப்பாக மாறினால், நீங்கள் கல்லைத் துளைத்து மண்ணுக்குள் போய்விட்டீர்கள். மண்ணில் மாட்டிய போல்ட் எதையும் பிடிக்காது. அந்தக் கல்லை மேலிருந்து சிறுகச் சிறுக உடைத்து இறக்குங்கள். அடியில் பொக்லைன் வைத்துத் தோண்டாதீர்கள்.

கொடைக்கானல்: வீடு கட்ட அனுமதி யாரிடம் வாங்குவது?

என் துறை இல்லை. நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

பெருமாள்மலை: வெட்டு விளிம்பில் உள்ள கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை எடுக்க வேண்டும் என்கிறார்கள். வேர்தானே மண்ணைப் பிடிக்கிறது?

மண்ணைப் பிடிக்கும். பாறைப் பிளவில் நுழைந்த வேர் பருத்து நெம்பும். காற்றில் மரம் ஆடும்போது அடிமரம் கடப்பாரை போல வேலை செய்யும். விளிம்பில் நிற்பதை எடுக்கத்தான் வேண்டும்.

கேத்தி, விவசாயி: ஒத்துக்க மாட்டேன் ஐயா. 2009 நவம்பரில் எங்கள் ஊரில் மரம் இருந்த சரிவு நின்றது. கேரட் போட்ட சரிவுதான் போனது.

நீங்கள் சொல்வது சரி. அது மண் சரிவு. நான் சொல்வது பாறை வெட்டின் உதட்டில் நிற்கும் மரம்.

பெருமாள்மலை: எங்கள் வளைவில் மரத்தை வெட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருடம் கழித்து விழுந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்டிய மரத்தின் வேர் உடனே பிடியை விடாது. சில வருடத்தில் மக்கும். புது வேர் வருவதற்குள் சரிவு பலவீனமாகிவிடும். மக்கிய வேர் இருந்த பொந்து வழியாகத் தண்ணீரும் இறங்கும். அதனால் மொத்தமாக வெட்டக் கூடாது. உதட்டை ஒட்டிய, சாய்ந்த மரங்களை மட்டும் எடுங்கள். அடிக்கட்டையைப் பிடுங்காதீர்கள், கற்பூர மரம் துளிர்க்கும், துளிரை உயரவிடாமல் கழித்துக்கொண்டே இருங்கள். பின்னால் இருக்கும் மண்ணில் இப்போதே புதர்களை நட்டுவிடுங்கள். 1955-ம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கோடாரி வைக்காதீர்கள்.

கேத்தி, விவசாயி: இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

குன்னூர்: கம்பி வலைக்கு மீட்டர் என்ன விலை?

வலை பற்றி மூன்றாவது கேள்வி. மேலே படியுங்கள்.

டீக்கடைக்காரர், கோத்தகிரி சாலை: அண்ணா, கடைக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு. நேற்று இல்லை. ஊற்றுத் தண்ணீர் காலையிலிருந்து கலங்கலாக வருது. சிமெண்ட் வைத்து அடைக்கவா?

அடைக்காதீர்கள். கடையைப் பூட்டிவிட்டு இப்போதே கிளம்புங்கள். சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். 1077-க்கு அடித்துக் கிலோமீட்டர் கல் எண்ணைச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்த ஆள் வையுங்கள், வளைவுக்கு முன்னாலேயே. வெளியே வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். அதுவரை நான் வேறு எந்தக் கேள்விக்கும் பதில் எழுதப்போவதில்லை.