பந்து கைமாறிய பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை ஐந்தாறு வருடமாக வாசிக்கிறேன். எப்போதாவது நீங்கள் எழுதும் ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்துக் குறிப்புகளைத்தான் முதலில் தேடிப் படிப்பேன். 2019 கடைசியில் மெல்பர்ன் வந்தேன், டார்னீட்டில் வீடு. இந்த ஊரில் இருந்தால் ஒரு டீம் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லி, வேலையிடத்தில் பக்கத்து மேசைக்காரர் நீலமும் வெள்ளையும் கலந்த கழுத்துத்துணி ஒன்றைக் கையில் திணித்தார். நார்த் மெல்பர்ன் என் தலையில் விழுந்தது அப்படித்தான். அன்றிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன்.

சில விஷயம் புரியவில்லை. முன்வரிசையில் நிக் லார்க்கி ஒருவரையே நம்பாமல் மூன்று நெட்டையர்களை நிறுத்தினால் என்ன? ஹாரி ஷீஸல் மாதிரி ஒரு பையனை முதல் வருடம் பின்வரிசையில் போட்டு வீணடித்தது ஏன்? பார்க்கர், டார்லிங், கேலப் டேனியல் என்று வேறு அணிகளில் ஆடித் தேய்ந்தவர்களைக் கொண்டுவந்து சின்னப் பையன்களின் இடத்தை ஏன் அடைக்கிறார்கள்? 1970இல் கார்ல்டன் பயிற்சியாளர் ரான் பராசி பாதி ஆட்டத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டு ஜெயித்தார் என்கிறார்களே, அந்தத் துணிச்சல் நம் பயிற்சியாளர் கிளார்க்சனுக்கு இல்லையா? ஒவ்வொரு வியாழனும் ஆடுபவர்களின் பட்டியல் வரும்போது அதே பெயர்கள்தான்.

பத்து வயது மகன் காலிங்வுட்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறான். என்ன சொல்ல?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் மேசைக்காரர் நல்லவர்தான், நேரம்தான் சரியில்லை. நீங்கள் பார்க்க ஆரம்பித்த 2020 முதல் 2025 வரை ஆறு பருவம், 130 ஆட்டம், 20 வெற்றி. பதினெட்டு அணிகளில் 17, 18, 18, 17, 17, 16 என்று இடம். 2023இல் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்து ஆசை காட்டிவிட்டு, தொடர்ந்து இருபது தோற்றார்கள். இதே கிளப்பின் பெண்கள் அணி 2024இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது. அதைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? போங்கள், உடம்புக்கு நல்லது.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். பந்து நம் கையில் இருக்கும்போது என்ன செய்யலாம் என்றுதான் நீங்கள் யோசிக்கிறீர்கள். எல்லா ரசிகர்களும் அப்படித்தான். அடிமட்டத்தில் கிடக்கும் ஓர் அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறவர் அங்கே தொடங்கினால் மாட்டிக்கொள்வார். பந்து போன அடுத்த ஐந்து நொடியில் யார் ஓடுவான், யார் எங்கே நிற்பான் என்பதிலிருந்து அவர் பட்டியலை எழுத ஆரம்பிக்க வேண்டும்.

லார்க்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் அவர் 71 கோல் அடித்தார். வருடத்தின் சிறந்த ஆட்களைக் கொண்டு அறிவிக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தார். நார்த் ஜெயித்தது மூன்று ஆட்டம். முன்னால் நிற்பவர் அவ்வளவு அடித்தும் மூன்றுதான் என்றால், ஓட்டை அங்கே இல்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு நெட்டையர்களை நிறுத்தினால், உயரப் பந்து வரும்போது அழகாகத்தான் இருக்கும். மார்க் (உதைத்த பந்தை நிலத்தில் விழாமல் பிடிப்பது) பிடிபடாமல் பந்து கீழே விழுந்தால்? அப்போது அந்த இரண்டு மீட்டர் ஆட்கள் குனிந்து, திரும்பி, ஓட ஆரம்பிப்பதற்குள் எதிரணி பந்தை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுபோயிருக்கும்.

இதற்கு நேரெதிர் ரிச்மண்ட். 2016 கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளியில் (ஒரு கோலுக்கு ஆறு புள்ளி) உதை வாங்கி, 13ஆம் இடத்தில் முடித்த அணி அது. பயிற்சியாளர் ஹார்ட்விக்கைத் துரத்துங்கள் என்று ஊரே கத்தியது. அடுத்த வருடம் அவர் முன்வரிசையில் ஜாக் ரீவோல்ட் என்ற ஒரே ஒரு நெட்டையரை வைத்துக்கொண்டு, சுற்றிலும் டேனியல் ரியோலி, டான் பட்லர், ஜேசன் கஸ்டான்யா என்று குட்டை ஆட்களை விட்டார். அவர்களுக்குக் கோல் அடிப்பது இரண்டாவது வேலை. எதிரணியின் பின்வரிசைக்காரன் பந்தை எடுத்தால் அவன் நிமிர்ந்து பார்க்க நேரம் கொடுக்காமல் மேலே விழுவதுதான் முதல் வேலை. பதறி உதைத்த பந்து மறுபடி ரிச்மண்டிடமே வரும். 37 வருடம் கழித்து கோப்பை வந்தது, இறுதியில் அடிலெய்டை 48 புள்ளி வித்தியாசத்தில் முடித்தார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் ஜாக் கிரேயம் என்ற பையனுக்கு அது ஐந்தாவது ஆட்டம். அடிலெய்டின் ரோரி ஸ்லோனை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு, மூன்று கோலும் அடித்தான். அவன் பெயர் பட்டியலில் வந்த வியாழன் எத்தனை ரசிகர்கள் முகம் சுளித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தொலைக்காட்சியில் பார்த்தால் இந்த விஷயம் பிடிபடாது. கேமரா பந்தையே துரத்தும். டாக்லண்ட்ஸ் மைதானத்தில் கோல் கம்பங்களுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் ஒருநாள் உட்காருங்கள். நார்த்தின் ஹாஃப் பேக் (பின்வரிசைக்கும் நடுவுக்கும் இடையில் ஆடுபவர்) ஒருவரிடம் பந்து இருக்கிறது. நடுப்பாதையைப் பார்க்கிறார், அங்கே யாரும் அவருக்காக ஓடி வரவில்லை. அகலமாக அந்தப் பக்கம் பார்க்கிறார், தூரம் அதிகம். ஆட்டத்தைத் தொடர் என்று நடுவர் கத்தப்போகிறார். வேறு வழியில்லாமல் எல்லைக்கோட்டை ஒட்டி உயரமாக ஒரு உதை. அங்கே ஏழெட்டுப் பேர் கூட்டம், எதிரணித் தடுப்பாளர் ஒருவர் மேலே ஏறி மார்க் பிடிக்கிறார். இப்போது பந்தை விடுங்கள், நீல வெள்ளைச் சட்டைகளைப் பாருங்கள். பந்து நமக்கு வரும் என்று நம்பி ஐந்து பேர் முன்னால் ஓடிவிட்டார்கள். இருவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். எதிரணி இரண்டு ஹேண்ட்பால் (பந்தை முஷ்டியால் குத்தி அனுப்புவது), ஒரு உதை, கோல். நமக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுந்து, பின்வரிசையைத் திட்டுவார். தப்பு நடந்தது எண்பது மீட்டர் தள்ளி, கால் நிமிடம் முன்னால். இந்த விளையாட்டில் விழும் கோல்களில் பெரும்பகுதி இப்படிப் பந்து கைமாறி வருபவைதான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு, 2019இல் வந்த 6-6-6 விதி. கோல் விழுந்ததும் பந்து நடுவட்டத்துக்குப் போகும். அங்கிருந்து ஆட்டம் மறுபடி தொடங்கும்போது இரண்டு பக்கமும் ஆறு பேர் முன்னால், ஆறு பேர் பின்னால், ஆறு பேர் நடுவில் நின்றாக வேண்டும். நடுச்சதுரத்துக்குள் நாலு பேர்தான். முன்பெல்லாம் அடி வாங்கும் அணி ஓர் ஆளைக் கூடுதலாகப் பின்னால் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளும். இப்போது முடியாது. அந்த நாலு பேர் பந்தை இழந்தால், பின்னால் ஆறுக்கு ஆறு, துணைக்கு ஆளில்லை. அதனால்தான் நார்த் ஒரு கோல் வாங்கினால் ஒன்றோடு நிற்பதில்லை, நீங்கள் தின்ன ஒரு மீட் பை வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்புவதற்குள் மூன்று நாலு விழுந்திருக்கும்.

டேவிஸ் யூனியாக், வார்ட்லா, ஷீஸல் மூவரையும் ஒன்றாக அந்தச் சதுரத்துக்குள் விடவேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். நடுவர் எறியும் பந்தை எம்பித் தட்டும் ரக் இடத்தில் ஸெர்ரி. பெயர்களைக் கேட்டால் எனக்கும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. ஆனால் நாலு பேரும் பந்தை நோக்கியே பாய்ந்தால், பாய்ந்தது தப்பும்போது பின்னால் நிற்க ஆள் வேண்டாமா? மூவரில் ஒருவராவது எதிராளிக்கும் நம் கோலுக்கும் நடுவில் நிற்கும் சலிப்பான வேலையைச் செய்யவேண்டும். அந்த வேலைக்குப் புள்ளிவிவரத் தாளில் பெயர் இல்லை, மறுநாள் பத்திரிகையிலும் இல்லை. நான் அணி போட்டால் அந்த ஆளின் பெயரைத்தான் முதலில் எழுதுவேன்.

சில வருடம் முன்பு இங்கே ஒரு பேட்டை கிளப்பின் பதினாலு வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தண்ணீர் போத்தல் தூக்கினேன். வியாழன் பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் பெயர் எழுதிய காந்த வில்லைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார். முதல் வில்லை எப்போதும் ஒரே பையனுடையது. அவனுக்கு இடதுகாலில் உதைக்கவே வராது, வலதுகாலிலும் சுமார்தான். ஏன் இவன் முதலில் என்று கேட்டேன். “பந்து போனதும் இவன் மட்டும்தான் என்னைப் பார்ப்பதில்லை, பந்தைப் பார்க்கிறான்” என்றார்.

ஷீஸல் விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஹாஃப் பேக் இடத்தில் ஆட்டம் முழுவதும் உங்கள் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும். உடம்பு தேறாத பதினெட்டு வயதுப் பையன் முதுகில் இடி வாங்காமல், பந்தை எடுத்து நிதானமாகத் தேர்ந்து உதைக்கப் பழகலாம். காலிங்வுட் நிக் டைகோஸை 2022இல் அங்கேதான் ஆரம்பித்தது. அவர் அந்த வருடம் ரைசிங் ஸ்டார், அதாவது சிறந்த இளம் வீரர், அடுத்த வருடம் ஷீஸல். ஷீஸல் முதல் பருவத்திலேயே கிளப்பின் சிறந்த வீரர் பரிசையும் வாங்கினார். வீணடித்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன அந்த எல்லைக்கோட்டு உதை இருக்கிறதே, அதை உதைக்காமல் நடுப்பாதையைத் திறக்கக்கூடிய கால் அவருடையது.

வயதானவர்கள் பற்றி நானும் முதலில் முணுமுணுத்தேன். பார்க்கர் 2012 சிட்னி கோப்பையில் இருந்தவர், டேனியல் 2016 புல்டாக்ஸ், டார்லிங் 2018 வெஸ்ட் கோஸ்ட். மூவருக்கும் ஜெயிக்கும் அணி எப்படி மூச்சுவிடும் என்று தெரியும். டேனியல் 168 சென்டிமீட்டர், தலையில் கவசம், அவர் காலிலிருந்து கிளம்பும் பந்து சொன்ன இடத்தில் இறங்கும். பின்வரிசையில் அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்துப் பையனின் தவறுகளும் குறையும். டார்லிங் பற்றி நீங்கள் சொல்வது வேண்டுமானால் சரி. மற்றொரு நெட்டை முன்வரிசைக்காரர் எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை.

சின்னப் பையன்களை மட்டும் குவித்துப் பார்த்ததும் நடந்ததே. 2021 டிராஃப்டில் (கடைசி இடத்து அணிக்கு முதல் வாய்ப்பு என்று இளம் வீரர்களைப் பங்கிடுவது) முதல் தேர்வு ஜேசன் ஹார்ன் ஃபிரான்சிஸ். ஒரே பருவம் ஆடிவிட்டு போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். 2023 முடிவில் தடுப்பின் தூண் பென் மெக்கே எஸண்டனுக்குப் போனார், ஈடாக டிராஃப்டில் மூன்றாம் தேர்வு வந்தது. தாராளமான ஈடுதான். ஆனால் பள்ளி முடித்த பையனைக் கோலுக்கு முன்னால் ஃபுல் பேக்கில் நிறுத்தி நூறு கிலோ ஆளைத் தாங்கு என்று சொல்லமுடியுமா? தோற்றால் நல்ல தேர்வு கிடைக்கும் என்று யாராவது சமாதானம் சொன்னால், 2025க்கான முதல் சுற்று உரிமையை முந்தைய வருட டிராஃப்ட் இரவிலேயே ரிச்மண்டுக்குக் கொடுத்தாயிற்று என்று நினைவுபடுத்துங்கள். அந்தப் பருவம் முழுக்க நாம் தோற்கத் தோற்க ரிச்மண்ட்காரன் கைதட்டினான்.

பராசி கதை எனக்கும் பிடிக்கும். 1970 இறுதிப்போட்டி, எம்சிஜியில் 1,21,696 பேர். பாதி ஆட்டத்தில் கார்ல்டன் 44 புள்ளி பின்னால். பராசி ஹேண்ட்பால், ஹேண்ட்பால் என்று ஆட்டத்தையே மாற்றி, பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸை இறக்கினார். அவர் நாலு கோல் அடித்தார், கார்ல்டன் பத்துப் புள்ளியில் ஜெயித்தது. ஆனால் அந்த கார்ல்டன் இறுதிவரை வந்த அணி. புரட்டிப்போட அவரிடம் சரக்கு இருந்தது. நமக்கு இன்னும் அடித்தளமே காயவில்லை. பராசி பின்னாளில் நம் கிளப்புக்கே வந்து 1975, 1977 கோப்பைகளை வாங்கித் தந்தார், அதற்காகவும் அவரை வணங்கலாம். டெட் ஹாப்கின்ஸ் ஆடியது மொத்தம் 29 ஆட்டம்தான். பிற்காலத்தில் சாம்பியன் டேட்டா என்ற புள்ளிவிவர நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இன்று தேர்வுக் குழுக்கள் புரட்டும் எண்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

கிளார்க்சனுக்குத் துணிச்சல் இல்லை என்றீர்கள். 2008இல் ஒரே ஒரு ஆட்டம் தோற்று இறுதிக்கு வந்த ஜீலாங்கை அவருடைய ஹாதார்ன் 26 புள்ளியில் சாய்த்தது. அப்போது அவர் செய்தது, ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்வதை விட்டு, பந்து இல்லாத நேரத்தில் பதினெட்டுப் பேரையும் ஒரு வலை மாதிரி நகரவைத்தது. நான் இவ்வளவு நேரம் உங்களிடம் வளர்த்துக்கொண்டிருப்பதை அவர் அன்றே செய்து காட்டிவிட்டார். வலையில் ஒரே ஒருவன் இரண்டடி தாமதித்தால் போதும், மீன் போய்விடும். அதனால் ஒரே ஆட்கள் வாரக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் ஆடிப் பழகவேண்டும். வியாழன்தோறும் அதே பெயர்கள் வருவதற்கு நான் கோபப்படாதது இதனால்தான். என் கோபமெல்லாம், பழகிய பிறகும் இடுப்பில் கை வைத்து நிற்கிறவன் அடுத்த வாரமும் பட்டியலில் இருப்பதில். அவனை ஒரு வாரம் கீழ்மட்டத் தொடரான விஎஃப்எல்லில் ஆடவைக்க வேண்டும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

மகன் காலிங்வுட்டுக்கு மாறட்டும் என்று நான் சொல்லமாட்டேன், என் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. அடுத்த ஆட்டத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு நான் சொன்ன மூன்றாம் மாடிக்குப் போங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். நார்த்திடமிருந்து பந்து போகும் ஒவ்வொரு தடவையும் எத்தனை பேர் உடனே திரும்பி ஓடுகிறார்கள் என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். முதல் கால்பகுதி மட்டும் போதும், அதற்கு மேல் அவன் சிப்ஸ் கேட்பான். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.