உங்கள் ஊரில் கொஞ்ச காலமே இருந்து கலைந்துபோன பாப் இசைக்குழு உண்டா? அது ஏன் நிலைக்கவில்லை?

உண்டு. 1970களின் நடுவில் பாளையங்கோட்டையில் தொடங்கி, நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை பக்கமெல்லாம் கொடைக்கும் (ஊர்ச் சாமிக்கு எடுக்கும் கோயில் விழா) கல்யாணத்துக்கும் போய் வாசித்த ஒரு குழு. என் சித்தப்பா அதில் கிட்டார். நான் பள்ளிக்கூடப் பையன். லீவு நாளில் பெட்டி தூக்கிக்கொண்டு கூடவே போவேன். அவர்கள் யாரும் இசைத்தட்டு போட்டதில்லை. பலர் இன்றும் ஊரில் அமைதியாக இருக்கிறார்கள் என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன். 1981 வாக்கில் குழு கலைந்தது. ஆட்களுக்குள் மனக்கசப்பு என்று ஊரில் இப்போதும் சொல்வார்கள். அது சரியில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் இலங்கை வானொலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் 1963-லேயே நம் வானொலி நிலையம் வந்துவிட்டது. ஆனாலும் சினிமாப் பாட்டு கேட்க எங்கள் பக்கத்து ஆட்கள் ரேடியோ முள்ளைத் திருப்பியது இலங்கைக்குத்தான். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் தெளிவாகக் கேட்கும். அறிவிப்பாளர்கள் பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் குரல்களை அடையாளம் தெரியாத வீடு அன்று கிடையாது. சினிமாப் பாட்டுக்கு நடுவில் அவர்கள் ஊர்ப் பொப்பிசைப் பாட்டும் வரும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் அப்படி வந்தவைதான். போர்த்துகீசியர் காலத்தில் இலங்கைக் கரையில் வேர்விட்ட பைலா என்ற ஆட்ட இசையின் தாளத்தில் அமைந்தவை. மும்மூன்றாக ஓடும் நடை. கேட்டவுடன் கால் ஆடும்.

இந்தப் பாட்டுகளின் தட்டு திருநெல்வேலிக் கடைகளில் எங்கள் கண்ணில் பட்டதில்லை. ரேடியோவில் வரும்போது பிடித்தால்தான் உண்டு, எப்போது வரும் என்றும் தெரியாது. அதனால் சித்தப்பாவும் கூட்டாளிகளும் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் முதல் அடியை எழுதுவார், அடுத்தவர் இரண்டாவது அடியை. இப்படி மாறி மாறி ஓடும். சித்தப்பா எழுதவே மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு மெட்டையும் கிட்டார் எங்கே மாறுகிறது என்பதையும் மட்டும் பிடிப்பார். பாட்டு முடிந்ததும், "ஏல, மூணாவது அடி என்னல? சீக்கிரம் சொல்லு" என்று ஒரே கூச்சல். விட்டுப்போன வரிக்காக அடுத்த முறை அந்தப் பாட்டு வரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதைதான் வருகிறது.

குழுவில் சேர்ந்த ஆட்களும் எங்கள் மண்ணுக்கே உரிய சேர்க்கை. கிட்டாரும் அக்கார்டியனும் சர்ச் பாடகர் குழுவில் பழகியவர்கள் கையில் இருந்தன. பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் போகாத பையன் குறைவு, கிட்டார் அப்படித்தான் எங்கள் தெருக்களுக்குள் வந்தது. தபலாவுக்கு மேலப்பாளையத்து அண்ணாச்சி ஒருவர். அப்புறம், வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் ஒருவர். சேர்த்ததிலேயே நல்ல காரியம் என்று நான் நினைப்பது இவரைத்தான். முதலில் பாங்கோஸ் என்ற சின்ன இரட்டை முரசு அடிக்க வேண்டியவர் வராத ஒரு ராத்திரி, சும்மா உட்கார்ந்திருந்த இவரைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார்கள். பைலா நடை அவருக்கு ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. சாமி கதையில் வேகம் ஏறும் இடத்தில் அவர் அடிக்கிற அடிதான், கொஞ்சம் இளக்கி அடித்தார், அவ்வளவே. குடம் அடிக்கும் பத்தி என்ற மட்டை குடத்தின் வாயில் விழும்போது எழும் அந்த ஓசையோடு 'சுராங்கனி'யைக் கேட்டவர்களுக்கு அசல் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்திருக்கும்.

கொடையில் வாசிப்பது லேசான வேலை இல்லை. நடுப்பகல் உச்சிக்கொடைக்கும் நடுராத்திரி சாமக்கொடைக்கும் நடுவில் வில்லுக்காரர்கள் இளைப்பாறும் நேரத்தில்தான் இவர்களுக்கு இடம். சாமபூசைக்கு மேளம் கொட்டத் தொடங்கினால் பாதிப் பாட்டிலும் நிறுத்திவிட வேண்டும். மைக்செட்டுக்காரர் கொடுப்பது இரண்டே மைக், ஒன்று பாட்டுக்காரருக்கு, மற்றது எல்லோருக்கும். பனைமரத்தில் கட்டியிருக்கும் கூம்புக் குழாயில் தடித்த ஒலி ஏறாது. கொங்கா என்ற பெரிய முரசின் ஓசை காணாமல் போய்விடும், கிட்டாரின் மேல் தந்திகளும் கைத்தட்டலும் குடத்தின் அடியும்தான் வயல் தாண்டிப் போகும். பொப் பாட்டுக்கு அதுவே போதும். அந்தப் பாட்டுகளே நாலைந்து பேர் சேர்ந்து பாடத்தான் செய்யப்பட்டவை. ஆறு பேர் கொண்ட இந்தக் குழு அவற்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

கலைந்த காரணமும் இங்கேதான் இருக்கிறது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் 'சுராங்கனி' தமிழ்ப் படப் பாட்டாகவே வந்துவிட்டது. இவர்கள் மட்டும் வைத்திருந்த சரக்கு எல்லோருடையதும் ஆயிற்று. அடுத்த சில வருஷங்களில் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள், பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் முளைத்தன. எந்தப் பாட்டையும் திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்று ஆனபிறகு கூட்டத்தின் காதும் மாறியது. நடுவில் வரும் வயலின் வரிசை, புல்லாங்குழல் எல்லாம் கேசட்டில் கேட்டபடியே மேடையிலும் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். இளையராஜாவின் இடையிசையை ஒரு கிட்டாரும் ஒரு அக்கார்டியனும் எப்படித் தாங்கும்? பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் முடியும். ஊர் வரியில் நடக்கும் கொடையில் அத்தனை பேருக்குக் கூலி எங்கிருந்து வரும்? இவர்கள் முயன்றும் பார்த்தார்கள். மதுரையிலிருந்து வயலின்காரர் இருவரைக் கூட்டிவந்து வாசித்த கச்சேரியில் அச்சாரம் வாங்கிய பணம் முழுக்க அவர்களுக்கே போயிற்று. அன்று திரும்பி வரும்போது வேனில் யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, கட்டுப்படியாகாது என்று பேசிக்கொண்டார்கள். ஊரார் சொல்லும் சண்டை எதுவும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரவர் வழி. அக்கார்டியன்காரர் பம்பாய்க்குப் போய்விட்டார்; தாராவியில் எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு எப்போதும் ஒரு திண்ணை இருந்தது. சித்தப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைத்தது, சர்ச்சில் மட்டும் வாசித்துவந்தார். பாட்டு பிறந்த இடத்திலும் எதுவும் முன்போல் இல்லை. மனோகரன் சென்னைக்கு வந்து படங்களில் நடித்தார், நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் தமிழர் வாழ்க்கையே சிதறிப்போனது. 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் இறந்த செய்தி வந்த அன்று சித்தப்பா பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

குடம் அடித்தவர் வில்லுக்கே திரும்பிவிட்டார். கலைந்ததில் அவருக்கு மட்டும் தொழில் குறையவில்லை. கொடைகளில் கதைக்கு நடுவே கொஞ்சம் சிரிப்பும் பாட்டும் சேர்க்கும் இடத்தில் அந்த நடையை அவர் ரொம்ப வருஷம் அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் பழகிய பையன்கள் இப்போதும் அப்படித்தான் அடிக்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது என்பார்கள்.