தகர ஜீப் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போருக்குப் பிந்தைய ஜப்பானைப் பற்றிய கட்டுரையில், ஒட்சு நகரில் செய்யப்பட்ட தகர ஜீப் இன்று அருங்காட்சியகப் பொருளாகிவிட்டதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். தன் ஊர்களை எரித்த அமெரிக்கப் படையின் வண்டியையே பொம்மையாக்கிப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததில் போற்றிப் பாதுகாக்க என்ன இருக்கிறது? எனக்கு அது அடிமைப் புத்தியாகவே படுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஜீப்பைச் செய்தவரிடமிருந்து தொடங்குகிறேன். கொசுகே மட்சுஸோ டோக்கியோவில் உலோகப் பொம்மைகள் செய்து பழகியவர்; போர்க்காலத்தில் ஒட்சுவுக்கு வந்து சேர்ந்தார். உள்நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு உலோகத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று 1938-இலேயே அரசு தடை விதித்துவிட்டதால், ஆகஸ்ட் 1945-இல் போர் முடிந்தபோது, தகரப் பொம்மை என்பதையே அறியாத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்திருந்தது. அதன்பின் நான்கே மாதங்களில், அந்த டிசம்பரில், கியோட்டோவின் மருபுட்ஸு அங்காடியில் கொசுகேயின் ஜீப் 10 யென் விலையில் விற்பனைக்கு வந்து, வந்த வேகத்தில் தீர்ந்தது. தகரத்துக்கு அவர் எங்கே போனார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போருக்குப் பின் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கப் படையினர் தின்றுவிட்டு எறிந்த உணவு டப்பாக்களைச் சேகரித்து, வெட்டி விரித்து, தட்டி நிமிர்த்தி, உள்ளங்கையில் அடங்கும் வண்டியாக மடக்கினார்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, தெருவில் ஓடியதும், பின்னால் ஓடினால் சாக்லேட் கிடைக்கக்கூடியதும் ஜீப்தான். கண்ணெதிரே ஓடும் வண்டியைத்தான் எந்த ஊர்க் குழந்தையும் கேட்கும். அந்த ஆசைக்கு அடிமைப் புத்தி என்று பெயர் வைப்பது, பெரியவர்களின் தோல்வியை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதாகும்.

ஆனால் உங்கள் கோபத்துக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1947-இல் தனியார் ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்த பிறகு, வெளிநாட்டுக்குப் போன பொம்மைகளில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பொறித்து அனுப்பவேண்டியிருந்தது. அவமானத்தைத் தேடுவதானால் அந்த முத்திரையில் தேடலாம். கொசுகேயின் ஜீப் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது. (அவரது பட்டறையே பிற்பாடு மருசான் என்ற பொம்மை நிறுவனத்துக்காகச் செய்த பெரிய காடிலாக் பொம்மைக் காருக்குத்தான் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள், பளபளப்பில் ஜீப் அதன் பக்கத்தில்கூட நிற்காது, எனினும் எனக்கு ஜீப்பே மேல்.)

அருங்காட்சியகங்களிடம் எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. பழைய டப்பாக்களில் செய்த அக்காலப் பொம்மைகளில், டப்பாவின் அச்செழுத்துகள் உட்புறம் திரும்பியிருக்கும். சாயம் பூசிய வெளிப்புறத்தைப் பார்த்து அதை ஊகிக்கவே முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவற்றை நான்கு சக்கரத்தில் நிறுத்திவைக்கிறார்கள். ஒன்றையாவது கவிழ்த்து வைத்திருக்கலாம்.